அரசியலும் தொழில்நுட்பமும் சேரும் துறையில் செய்தியாளராவது எப்படி

2009 மே மாதத்தில் பிரிட்டனின் ‘கம்ப்யூட்டர் வீக்லி’ என்ற துறைசார் இதழ், கிளை அஞ்சலகங்களை நடத்திவந்த ஏழு பேரின் நிலையை விரிவாக வெளியிட்டது. ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் அவர்களுடைய அஞ்சலகங்களில் பணம் குறைவதாகக் காட்டியது. அஞ்சல் நிறுவனம் அந்தக் குறையை அவர்கள் கைப்பணத்திலிருந்து கட்டச் சொன்னது. இதே நிலையில் இருந்த பலர் மீது திருட்டு, பொய்க்கணக்கு வழக்குகள் தொடரப்பட்டன. 1999 முதல் 2015 வரை தண்டிக்கப்பட்டவர்கள் 900-க்கும் மேற்பட்டோர். அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019-ல். தண்டனைகளை மொத்தமாக நீக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2024-ல்.

இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளைப் பற்றி இந்தத் துறைக்கு வர விரும்பும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். ஆவணங்கள் இருந்தன, பாதிக்கப்பட்டவர்கள் பேசத் தயாராக இருந்தார்கள், ஒரு சிறிய இதழ் முதல் செய்தியையும் எழுதிவிட்டது. ஆயினும் அது பெரிய அரசியல் செய்தியாக மாறவில்லை. அரசியல் நிருபர்களுக்கு அது கணினிக் கோளாறாகவும், தொழில்நுட்ப நிருபர்களுக்கு அது நீதிமன்ற விவகாரமாகவும் தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம். இரண்டுக்கும் நடுவே யாரும் நிற்காத அந்த இடத்தில் நின்று, “கணினி அப்படிக் காட்டுகிறது என்று சொல்லும் அதிகாரத்தை யார் யாருக்குக் கொடுத்தார்கள்?” என்று கேட்பதுதான் இந்தச் செய்தியாளரின் வேலை.

துறையின் எல்லை

புதிய கைபேசியின் மதிப்பீடும், பங்குச்சந்தையில் ஒரு நிறுவனம் நுழைவதும் தொழில்நுட்பச் செய்திகள்தாம். ஆனால் இங்கே பேசப்படும் துறை அவற்றிலிருந்து வேறுபட்டது. ஓர் அரசு, ஒரு கட்சி, ஒரு நீதிமன்றம், ஒரு காவல் துறை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மென்பொருளைக் கொண்டு மக்கள்மீது முடிவெடுக்கும்போதும், ஒரு தனியார் தளம் பொதுப் பேச்சின் வரம்பைத் தானே தீர்மானிக்கும்போதும், அவ்வாறு தீர்மானிக்கும் உரிமையைச் சட்டம் கட்டுப்படுத்த முயலும்போதும் இந்தத் துறை தொடங்குகிறது. கண்காணிப்பு, தேர்தல் விளம்பரம், வாக்குப்பதிவு இயந்திரம், அடையாள அட்டைத் தரவுத்தளம், நலத்திட்டப் பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் நிரல், முகமறிதல், இணைய முடக்கம், தரவுப் பாதுகாப்புச் சட்டம், செயற்கை நுண்ணறிவு ஒழுங்குமுறை ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்கும்.

தொடக்கத்திலேயே அனைத்தையும் எழுத முயல்வது வீண். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நலத்திட்டத் தரவுத்தளங்களை மட்டுமே தொடர்ந்து கவனிக்கும் ஒருவர், ஆறே மாதங்களில் அந்தத் துறையின் ஒப்பந்ததாரர்கள் யார், எந்த அதிகாரி எந்தக் குழுவில் இருந்தார், எந்தத் தணிக்கை அறிக்கை எந்தப் பக்கத்தில் எச்சரித்தது என்பதையெல்லாம் நினைவிலிருந்தே சொல்லக்கூடியவராகிவிடுவார். பரபரப்பான செய்தி வரும் நாளில் செய்தி ஆசிரியர் தேடுவது அந்த நினைவைத்தான்.

இரண்டு வாசல்கள்

இந்தத் துறைக்குள் வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறார்கள். சிலர் சட்டமன்றம், நீதிமன்றம், கட்சி அலுவலகம் என்று செய்தி சேகரித்துவிட்டுப் பிறகு தொழில்நுட்பத்தைக் கற்கிறார்கள். சிலர் மென்பொருள் துறையில் பணியாற்றிவிட்டுச் செய்தியாளர்களாகிறார்கள். இரண்டு வழிகளும் நல்லவை. ஆனால் இரண்டுக்கும் ஒவ்வொரு பார்வைக் குறை உண்டு. அரசியல் பக்கத்திலிருந்து வருபவர் ஒவ்வொரு கோளாறிலும் சதியைக் காண்கிறார். மென்பொருள் பக்கத்திலிருந்து வருபவர் ஒவ்வொரு சதியிலும் கோளாறைக் காண்கிறார். ஒரு பயனாளியின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியதென்றால், அது நிரலின் பிழையா, எவரோ வேண்டுமென்றே எழுதிய விதியா, பிழை தெரிந்தும் திருத்தாமல் விட்ட அலட்சியமா என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியே கேட்டுப் பழகினால், எந்த வாசல் வழியாக வந்தவரும் தேறிவிடலாம்.

இதழியல் பட்டம் பெற்றவர்களுக்கு நேர்காணல், சட்டம், நெறி ஆகியவற்றில் ஓர் ஒழுங்கான அடித்தளம் கிடைத்திருக்கும். அது இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. இந்தத் துறையில் வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பது, “நீங்கள் எழுதியவற்றைக் காட்டுங்கள்” என்பதுதான். ஆகவே மூன்று மாதிரிகளைத் தயார் செய்யுங்கள். சிக்கலான ஒரு நடைமுறையை வாசகருக்கு விளக்கும் கட்டுரை ஒன்று, பொது ஆவணத்திலிருந்து நீங்களே கண்டெடுத்த செய்தி ஒன்று, ஒரு முடிவால் பாதிக்கப்பட்ட மனிதரை நேரில் சந்தித்து எழுதியது ஒன்று. மூன்றையும் செய்து காட்டியவரை எந்த ஆசிரியரும் எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்.

தொழில்நுட்பத்தில் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்

2018 ஏப்ரலில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் அமெரிக்க செனட் குழுவின்முன் அமர்ந்திருந்தபோது, பயனர்களிடம் கட்டணம் வாங்காமல் எப்படித் தொழில் நடத்துகிறீர்கள் என்று மூத்த செனட்டர் ஒருவர் கேட்டார். “செனட்டர், நாங்கள் விளம்பரங்களை வெளியிடுகிறோம்” என்பது பதில். பல கோடிப் பேரின் தரவு கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போனது எப்படி என்று விசாரிப்பதற்காகக் கூடிய சபையில் ஒரு கேள்விக்கான நேரம் அவ்வாறு கழிந்தது. கேட்பவருக்கு அடிப்படை தெரியாவிட்டால் பதில் சொல்பவர் எவ்வளவு எளிதாகத் தப்பிவிடுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. செய்தியாளர் கூட்டத்திலும் இதுவே நடக்கும்.

நீங்கள் பொறியாளராக வேண்டியதில்லை. ஆனால் சிலவற்றைக் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். எக்ஸெல் போன்ற விரிதாள் மென்பொருளில் பல்லாயிரம் வரிசைகளை வடிகட்டவும், இரண்டு பட்டியல்களை ஒப்பிடவும் தெரிந்திருப்பது முதல் தேவை. அடுத்து, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்க உதவும் எஸ்கியூஎல் மொழியைக் கற்கலாம். அதன் அடிப்படைகளுக்குச் சில வாரங்கள் போதும். பைத்தான் நிரல்மொழியில் பத்து வரி எழுதத் தெரிந்தால், ஓர் அரசு இணையதளத்தின் ஆயிரம் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறக்கும் வேலை மிச்சமாகும். ஒரு செயலி உங்கள் கைபேசியில் என்னென்ன அனுமதிகளைக் கேட்கிறது, தரவை எந்த முகவரிக்கு அனுப்புகிறது என்பதைச் சோதிக்கும் முறையையும் ஒரு நண்பரான பொறியாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது, ஒரு முறை எப்படி இயங்குகிறது என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கும் பழக்கம். ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ என்று அழைக்கப்பட்ட திட்டத்தை எடுத்துக்கொள்வோம். உதவித்தொகை பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தை வரித் துறையிடமிருந்து வாங்கி, அதை ஓராண்டின் 26 இருவார காலங்களுக்குச் சமமாகப் பிரித்து, அவர்கள் அறிவித்த வருமானத்தோடு ஒப்பிட்டுக் கடன் நோட்டீஸ் அனுப்பினார்கள். ஒருவர் அரை ஆண்டு வேலை செய்து ஒவ்வொரு இருவாரத்துக்கும் 2,000 டாலர் வாங்கினார், மீதி அரை ஆண்டு வேலையின்றி உதவித்தொகை பெற்றார் என்று வையுங்கள். அவருடைய ஆண்டு வருமானம் 26,000 டாலர். அதை 26-ஆல் வகுத்தால், வேலையே இல்லாத காலத்திலும் அவர் இருவாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்ததாக வரும். அவர் ஏமாற்றவில்லை, வகுத்தல்தான் அவரைக் கடனாளியாக்கியது. 2023-ல் அரச விசாரணை ஆணையம் இந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. இந்தக் கணக்கைப் போடப் பள்ளிப் படிப்பே போதும் என்பதையும், அதைப் போட்டுக் காட்டும் ஒரு பத்தி எத்தனை கண்டன அறிக்கைகளுக்குச் சமம் என்பதையும் கவனியுங்கள்.

ஆவணங்களை வாசித்தல்

தலைவர்களின் பேட்டிகளில் கிடைப்பதைவிட அதிகச் செய்தி டெண்டர் ஆவணங்களில் கிடைக்கும். ஓர் அரசுத் துறை மென்பொருள் வாங்கும்போது அது என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் சொல்லியாக வேண்டும். “குடிமக்கள் சேவையை மேம்படுத்தும் தளம்” என்று மேடையில் அறிவிக்கப்பட்ட ஒன்றின் ஒப்பந்தப்புள்ளியில், சமூக ஊடகப் பதிவுகளைப் பெயர்வாரியாகத் தொகுக்கும் வசதி கேட்கப்பட்டிருக்கலாம். அங்கே ஐந்து இடங்களைத் தேடுங்கள்: முறை என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல், தரவு யாருடைய உடைமை என்ற பிரிவு, பிழைக்கு யார் பொறுப்பு என்ற பிரிவு, தகுதி நிபந்தனைகள், பிறகு வெளியிடப்பட்ட திருத்தங்கள். தகுதி நிபந்தனைகள் ஒரே ஒரு நிறுவனத்தின் அளவுக்குத் தைத்த சட்டைபோல இருந்தால் அதுவே தனிச் செய்தி. ஆவணம் கண்ணில் பட்ட உடனேயே நகல் எடுத்து, தேதியோடு சேமித்து, இணைய ஆவணக் காப்பகத்திலும் பதிந்து வையுங்கள். கேள்வி எழுந்த மறுநாளே பக்கங்கள் மறைந்துபோவது இந்தத் துறையில் வழக்கமான ஒன்று.

மசோதாக்களையும் சட்டங்களையும் வாசிக்கும்போது, முன்னுரையில் மயங்காமல் நேராக வரையறைகளுக்கும் விதிவிலக்குகளுக்கும் செல்லுங்கள். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள வழிசெய்வது 17-ஆம் பிரிவு. சட்டத்தின் தலைப்பைப் பார்த்தால் அது தெரியாது. “விதிகளில் வகுக்கப்படும் முறைப்படி” என்ற தொடர் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் கோடிடுங்கள். நாடாளுமன்றம் தீர்மானிக்காமல் அதிகாரிகளிடம் விட்ட விஷயங்கள் அவை. பிந்தைய ஆண்டுகளில் உங்களுக்கு வேலை தரப்போவதும் அவையே. தேதிகளிலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை நிறைவேறியது 2016-ல், நடைமுறைக்கு வந்தது 2018 மே 25-ல். ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1-ல் அமலுக்கு வந்தாலும், தடைசெய்யப்பட்ட பயன்பாடுகள் குறித்த பிரிவுகள் 2025 பிப்ரவரியிலிருந்துதான் பொருந்தின. “சட்டம் வந்துவிட்டது” என்று ஒரே வரியில் எழுதுபவர் வாசகருக்குத் தவறான தகவலைத் தருகிறார்.

கேட்டுப் பெற வேண்டிய ஆவணங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டங்கள் இருக்கின்றன. ஸ்வீடன் 1766-லேயே இத்தகைய சட்டத்தை இயற்றியது. அமெரிக்காவில் 1966-லும் இந்தியாவில் 2005-லும் வந்தன. இந்தியாவில் பதில் அளிக்கப் பொதுவாக 30 நாள், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 20 வேலைநாள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தாமதமும் மறுப்பும் வரும், மேல்முறையீடு செய்ய வேண்டியிருக்கும். மனுவில் கருத்தோ குற்றச்சாட்டோ எழுதாதீர்கள். “இந்தத் திட்டம் ஏன் தோல்வியடைந்தது?” என்று கேட்டால் பதில் வராது. “இந்தத் தேதிமுதல் இந்தத் தேதிவரை நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் எண்ணிக்கை, மாதவாரியாக, காரணக் குறியீட்டுடன்” என்று கேட்டால், மறுப்பதற்கான காரணத்தைத் தேட வேண்டிய சுமை அதிகாரிமேல் விழும். ஒவ்வொரு வாரமும் ஒரு மனு அனுப்புவது என்று வைத்துக்கொண்டால், ஓராண்டின் முடிவில் வேறு யாரிடமும் இல்லாத ஆவணக் கட்டு ஒன்று உங்களிடம் இருக்கும்.

எண்களையும் உரிமைகோரல்களையும் சோதித்தல்

“95 சதவீதத் துல்லியம்” என்று ஒரு நிறுவனம் சொன்னால், எதில் 95 என்று கேட்க வேண்டும். ஒரு லட்சம் பேர் நடமாடும் இடத்தில், தேடப்படும் பத்துப் பேரைக் கண்டுபிடிக்க முகமறிதல் கேமரா வைக்கப்படுகிறது என்று கொள்வோம். நூற்றுக்கு ஒரு முறை மட்டுமே அது அப்பாவியைத் தவறாகச் சுட்டிக்காட்டும் என்றாலும், ஏறத்தாழ 1,000 அப்பாவிகள் நிறுத்தி விசாரிக்கப்படுவார்கள். தேடப்படும் பத்துப் பேரும் சிக்கினாலும், சுட்டிக்காட்டப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் தவறானவர்கள். செய்திக்குறிப்பில் இருக்கும் சதவீதம் இந்த நிலைமையைச் சொல்வதே இல்லை.

2016-ல் அமெரிக்காவின் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய வேலை எவ்வாறு செய்யப்பட வேண்டும் என்பதற்கு நல்ல சான்று. கைதானவர்கள் மீண்டும் குற்றம் செய்வார்களா என்று மதிப்பெண் போடும் காம்பஸ் என்ற மென்பொருளின் முடிவுகளை, ஃபுளோரிடாவின் ஒரு மாவட்டத்திலிருந்து பொது ஆவணச் சட்டத்தின் வழியே பெற்று, 7,000-க்கும் மேற்பட்டோருக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதோடு ஒப்பிட்டார்கள். மீண்டும் குற்றம் செய்யாதவர்களில், கறுப்பினத்தவர் ‘அதிக ஆபத்து’ என்று தவறாகக் குறிக்கப்படும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரியவந்தது. மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் மறுத்தது, ஒரே மதிப்பெண் பெற்ற இரு இனத்தவரும் ஒரே அளவில்தான் மீண்டும் குற்றம் செய்கிறார்கள், எனவே முறை நியாயமானதே என்றது. பின்னர் ஆய்வாளர்கள், இரு குழுக்களிலும் மீண்டும் குற்றம் செய்வோரின் விகிதம் வேறுபடும்போது இந்த இரண்டு வகை நியாயத்தையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடியாது என்று கணிதமாகவே காட்டினார்கள். அப்படியானால் எந்த நியாயத்தைத் தேர்வது என்பது அரசியல் முடிவு; அதை ஒரு தனியார் நிறுவனம் யாரிடமும் கேட்காமல் எடுத்துவிட்டிருந்தது. செய்தியின் ஆழம் அங்கேதான் இருக்கிறது. தரவையும் ஆய்வு முறையையும் புரோபப்ளிகா சேர்த்தே வெளியிட்டதால்தான் அந்த விவாதம் நடக்க முடிந்தது. நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

சொந்தத் தரப்புக்குச் சாதகமான எண்ணிலும் இதே கண்டிப்பு வேண்டும். பெகாசஸ் என்ற கைபேசி உளவு மென்பொருளைப் பற்றி 2021 ஜூலையில் வெளியான ஊடக விசாரணையில் 50,000 தொலைபேசி எண்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தது. பட்டியலில் எண் இருப்பதாலேயே அந்தக் கைபேசி ஊடுருவப்பட்டது என்று பொருளில்லை. ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டவை 67 கைபேசிகள். ஊடுருவலோ முயற்சியோ நடந்ததற்கான தடயம் கிடைத்தது 37-ல். இந்த மூன்று எண்களையும் பிரித்துச் சொன்ன செய்திகள் மறுப்புகளைத் தாங்கி நின்றன. “50,000 பேர் ஒட்டுக்கேட்கப்பட்டனர்” என்று எழுதியவர்கள், மறுப்பவர்களுக்குத் தாங்களே வழி திறந்துவிட்டார்கள்.

தகவல் தருபவர்களும் அவர்களுடைய பாதுகாப்பும்

இந்தத் துறையின் சிறந்த தகவல்கள் அமைச்சர்களிடமிருந்தோ தலைமை நிர்வாகிகளிடமிருந்தோ வருவது அரிது. தரவுப் பதிவாளர், ஒப்பந்த ஊழியர், தணிக்கையாளர், உள்ளடக்கங்களைப் பார்த்து நீக்கும் பணியாளர், சட்டமன்றக் குழுவின் செயலர், வேலையை விட்டு விலகிய பொறியாளர் ஆகியோரிடம் பேசுங்கள். செய்தி தேவைப்படாத நாட்களில் பேசுங்கள். அவர்களுடைய வேலை எப்படி நடக்கிறது என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்பவரைத்தான், ஒரு நாள் மனம் பொறுக்காமல் ஏதோ சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது அவர்கள் தேடுவார்கள்.

பேசத் தொடங்கும் முன்பே நிபந்தனைகளைத் தெளிவாக்குங்கள். பெயருடன் எழுதலாமா, பதவியை மட்டும் குறிப்பிடலாமா, தகவலைப் பயன்படுத்தலாம் ஆனால் அவரைச் சுட்டக் கூடாதா, அல்லது எதையுமே எழுதக் கூடாதா என்பது இருவருக்கும் ஒரே பொருளில் புரிந்திருக்க வேண்டும். “ஆஃப் த ரெகார்டு” என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் கையாளுவதால், சொல்லை விட்டுவிட்டு நிபந்தனையை முழு வாக்கியமாகச் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பானது.

அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பை வெளிப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன், 2012 டிசம்பரில் தன் பெயரைச் சொல்லாமல் செய்தியாளர் க்ளென் கிரீன்வால்டைத் தொடர்புகொண்டு, மின்னஞ்சலைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் மென்பொருளை நிறுவும்படி கேட்டார். கிரீன்வால்ட் அதை நிறுவாமல் தள்ளிப்போட்டார். பிறகு ஸ்னோடன் ஆவணப்பட இயக்குநர் லாரா போய்ட்ராஸை நாடியதால்தான் 2013 ஜூனில் அந்தச் செய்திகள் உலகுக்குக் கிடைத்தன. ஆகவே சிக்னல் போன்ற குறியாக்கச் செயலியில் உங்களை அடையும் வழியை இன்றே உங்கள் அறிமுகப் பக்கத்தில் வையுங்கள். முதல் செய்தியை அனுப்பத் துணிந்தவர், நீங்கள் கற்றுக்கொள்ளும்வரை காத்திருக்க மாட்டார்.

ஆனால் குறியாக்கம் மட்டும் யாரையும் காப்பாற்றாது. 2017-ல் அமெரிக்காவில் ஒரு ரகசிய அறிக்கை ஊடக நிறுவனம் ஒன்றுக்குக் கிடைத்தது. அதன் உண்மைத்தன்மையை உறுதிசெய்ய, அந்த நகலின் படத்தையே அரசுத் தரப்புக்குக் காட்டினார்கள். தாளில் மடிப்புத் தடம் இருந்ததால் அது அச்சிட்டு எடுத்துச் செல்லப்பட்டது என்று புரிந்துகொண்ட அதிகாரிகள், அந்த அறிக்கையை அச்சிட்டவர்கள் ஆறே பேர் என்பதைக் கண்டறிந்தார்கள். தகவல் தந்தவர் சிறைக்குச் சென்றார். வண்ண அச்சுப்பொறிகள் பல, வெறும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளால் தேதியையும் கருவி எண்ணையும் தாளில் பதிக்கின்றன என்பதும் அப்போது பரவலாகப் பேசப்பட்டது. மூல ஆவணத்தை யாருக்கும் காட்டாதீர்கள்; அதிலுள்ள தகவலை உங்கள் சொற்களில் தட்டச்சு செய்து பதில் கேளுங்கள். புகைப்படத்தில் ஒளிந்திருக்கும் இடக் குறிப்பை நீக்குங்கள். தகவல் தந்தவரின் பெயரை எந்தக் கோப்பிலும் எழுதாதீர்கள். அலுவலகக் கணினியிலிருந்தோ அலுவலக மின்னஞ்சலிலிருந்தோ உங்களைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று முதல் உரையாடலிலேயே சொல்லுங்கள். ரகசிய ஆவணங்களைச் சுருக்கவோ மொழிபெயர்க்கவோ வெளி நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவுச் சேவையில் ஏற்றுவது, அவற்றை அந்நியர் ஒருவரிடம் கொடுத்துவைப்பதற்குச் சமம்.

பாதுகாப்பற்ற ஒரு தரவுத்தளத்தைப் பற்றிய தகவல் உங்களுக்கு வந்தால், பிரசுரிக்கும் முன் அதை மூடச் சொல்லிப் பொறுப்பானவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் செய்தியே திருடர்களுக்கு வழிகாட்டியாகும். உறுதிப்படுத்தத் தேவையான அளவுக்குமேல் அந்தத் தரவைத் திறக்காதீர்கள், பதிவிறக்காதீர்கள். பல நாடுகளின் கணினிச் சட்டங்களில் செய்தியாளருக்கென்று தனி விலக்கு கிடையாது.

தூரம்

நீங்கள் எழுதும் நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்க வேண்டாம். அவர்கள் செலவில் பயணம் போக வேண்டாம். தேர்தல் காலத்தில் எந்தக் கட்சியின் தொழில்நுட்ப அணிக்கும் ஆலோசனை சொல்ல வேண்டாம். இவை எல்லா நிருபர்களுக்கும் பொதுவான விதிகள். இந்தத் துறைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: எதிர்க்கட்சியாக இருக்கும்போது கண்காணிப்பை எதிர்த்துப் பேசும் கட்சி, ஆட்சிக்கு வந்ததும் அதே கருவியை விரிவாக்கும், இரண்டு காலத்திலும் ஒரே அளவுகோலை வைப்பவரிடம் இரு தரப்புக்கும் கோபம் இருக்கும், ஆனால் இரு தரப்பிலும் உள்ள நேர்மையானவர்கள் அவரிடம்தான் பேசுவார்கள்.

எழுதுதல்

வாசகருக்கு இயந்திரத்தை விளக்குவதற்குமுன், அது தொட்ட மனிதரைக் காட்டுங்கள். பிறகு, அந்த மனிதரிடமிருந்து முடிவெடுத்தவர்வரை செல்லும் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக எழுதுங்கள். “அல்காரிதம் நிராகரித்தது” என்ற வாக்கியத்தை எழுதாதீர்கள். அதிகாரி ஒருவர் ஒரு விதிக்கு ஒப்புதல் அளித்தார், நிறுவனம் ஒன்று அதை நிரலாக்கியது, மற்றொரு அதிகாரி அதன் முடிவை ஆராயாமல் கையெழுத்திட்டார். இவர்களில் ஒவ்வொருவரும் உங்கள் வாக்கியங்களில் எழுவாயாக வர வேண்டும். இங்கிலாந்தில் கணினிச் சான்றுகளின் நம்பகத்தன்மையை மெய்ப்பிக்கக் கோரிய சட்டப் பிரிவு 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின் கணினி சரியாக இயங்குகிறது என்றே நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. அஞ்சலக வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்த ஊகமும் நசுக்கியது. அந்தச் சட்டப் பிரிவை நீக்கியதும் மனிதர்கள்தாம் என்பதைச் சொல்லாமல் அந்தச் செய்தி முழுமை பெறாது.

கலைச்சொற்களில் பிடிவாதம் வேண்டாம். வாசகருக்கு ‘அல்காரிதம்’ புரிந்தால் அதையே எழுதி, முதல் முறை வரும்போது ஒரு வாக்கியத்தில் விளக்குங்கள். எதிர்த் தரப்பின் பதிலுக்குப் போதிய அவகாசம் கொடுங்கள்; கேள்விகளை எண்ணிட்டு எழுத்தில் அனுப்புங்கள்; எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். நுட்பப் பகுதியை மட்டும், தகவல் தந்தவரைச் சுட்டாத வகையில், அந்தத் துறை அறிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

வேலையும் வருமானமும்

பெரிய நாளிதழில் நேராக இந்தத் துறை கிடைப்பது அரிது. நீதிமன்ற நிருபராகவோ, உள்ளாட்சி நிருபராகவோ, துறைசார் இதழின் உதவி ஆசிரியராகவோ தொடங்குவதே வழக்கம். அந்த ஆண்டுகளை வீணென்று எண்ண வேண்டாம். ஹொரைசன் செய்தியை முதலில் எழுதியது துறைசார் இதழ்தான் என்பதை நினைவில் வையுங்கள். சுயேச்சையாக எழுதுபவர்கள், அவதூறு வழக்கு வந்தால் செலவை யார் ஏற்பார் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்முன் கேட்க வேண்டும். வழக்குச் செலவு முழுவதையும் எழுதியவர் தலையில் கட்டும் பிரிவுகள் உண்டு. பெரிய நிறுவனங்களைப் பற்றி எழுதுபவருக்கு அது வாழ்நாள் கடனாக மாறக்கூடும். நிலையான வருமானத்துக்கு விளக்கக் கட்டுரைகளும் மொழிபெயர்ப்பும் கைகொடுக்கும். நீங்கள் எழுதும் நிறுவனங்களுக்கே விளம்பர வாசகம் எழுதிக் கொடுப்பது கைகொடுக்காது; ஒரே ஒரு முறை செய்தாலும் பிறகு எழுதும் ஒவ்வொரு வரியும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

வெளியான பிறகு

செய்தி வெளியான நாளில் பாராட்டும் வசையும் வரும். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் பிழையைச் சுட்டும் கடிதத்தை முதலில் படியுங்கள். பிழை இருந்தால், எது தவறு, எது சரி, எப்போது திருத்தப்பட்டது என்று அதே பக்கத்தில் தெரியும்படி எழுதுங்கள். அடுத்த சில நாட்களில், அதே பாதிப்பைச் சந்தித்த வேறு பலர் எழுதுவார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பதில் அனுப்புங்கள். ஏழு பேரின் செய்தி நூற்றுக்கணக்கானவர்களின் செய்தியாக வளர்வது அந்தக் கடிதங்களிலிருந்துதான்.

பிறகு ஒரு நாட்குறிப்பைத் திறந்து, அமைச்சர் அறிக்கை தருவதாகச் சொன்ன தேதி, வழக்கின் அடுத்த விசாரணை, தகவல் உரிமை மனுவின் கெடு, ஒப்பந்தம் முடிவடையும் மாதம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். திட்டம் நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தால், மூன்று மாதம் கழித்து அதே ஒப்பந்ததாரரின் பெயரைப் பிற துறைகளின் டெண்டர் பட்டியல்களில் தேடிப் பாருங்கள்.